ஆவணப்படத்துக்கு டி.ஐ.: நேரிலும் தூரத்திலிருந்தும் சேர்ந்து வேலை செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயக்குநர் மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ டொரண்டோவிலோ இருப்பார். எடிட்டர் இன்னொரு ஊர். டி.ஐ. (டிஜிட்டல் இன்டர்மீடியட்), அதாவது எடிட் முடிந்த படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் வேலை, மட்டும் சென்னையில் நடக்கும். ஆவணப்பட வேலையில் இது இன்று சாதாரணமாகிவிட்டது. அந்த வேலையைச் செய்கிற கலரிஸ்ட் நான். என்னிடம் வருகிற படங்களில் ஆவணப்படங்கள்தான் எனக்கு நெருக்கமானவை. அந்த இயக்குநர்கள் வேலை தொடங்கும் முன் கேட்கிற கேள்விகளையும், கேட்காமல் விட்டுப் பாதியில் தவிக்கிற கேள்விகளையும் இங்கே எழுதியிருக்கிறேன். கலர் கிரேடிங், டி.ஐ. இரண்டையும் ஒரே பொருளில்தான் சொல்கிறேன்.

ஆவணப்படத்துக்கு எதற்கு டி.ஐ.? எடுத்தது எடுத்தபடி இருப்பதுதானே உண்மை?

எடுத்தபடி என்று ஒரு நிலை கேமராவுக்குள்ளேயே கிடையாது. ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் ஓடும் கேமரா, ஒருவர் நீலச் சுவருக்கு முன்னால் வந்து நின்றதும் அவர் முகத்தை மஞ்சளாக்கிவிடும். எஸ்-லாக்3, சி-லாக் மாதிரி லாக் புரொஃபைலில் எடுத்தால் படம் சாம்பல் பூத்து வரும். வெளிச்சத்திலும் நிழலிலும் உள்ள விவரங்கள் தப்பிப் பிழைக்க வேண்டும் என்பதற்காக அப்படிப் பதிவாகிறது. அதை அப்படியே திரையில் போட முடியாது. வருடக்கணக்கில் எடுத்த படம் என்றால் இடையில் கேமரா மாறியிருக்கும், ஒளிப்பதிவாளரும் மாறியிருப்பார். ஒரே அம்மா ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுவது மூன்று நிறத்தில் வந்து நிற்கும். பார்க்கிறவர் அந்த அம்மாவின் பேச்சை விட்டுவிட்டு நிறம் மாறுவதைக் கவனிப்பார். இதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை.

அதற்கு மேல் ஒரு லுக் (படம் முழுவதற்கும் ஒரு தனி நிறச்சாயல்) வைக்கலாமா என்றால், வைக்கலாம். ஆனால் எல்லை உண்டு. மழைக்காலத்தில் எடுத்த ஊருக்கு மஞ்சள் ஏற்றி வறட்சியாகக் காட்டுவது, ஏழை வீடு என்பதற்காகவே அறையை இருட்டடிப்பது, இதெல்லாம் பொய் சொல்வதுதான். வெப்பமான ஊர் என்றாலே புழுதி மஞ்சளில் முக்கி எடுக்கும் பழக்கம் வெளிநாட்டுப் படங்களில் நிறைய உண்டு. நம் ஊரை நாமே அப்படிக் காட்ட வேண்டியதில்லை.

முழு வேலையையும் இணையத்திலேயே முடிக்க முடியாதா? நேரில் வரத்தான் வேண்டுமா?

முடிக்கலாம். 2020 ஊரடங்கில் உலகம் முழுக்கக் கலரிஸ்ட்டுகள் வீட்டிலிருந்தே படங்களை முடித்துக் கொடுத்தார்கள். கருவிகள் அதன்பிறகு இன்னும் நன்றாகிவிட்டன. ஆனாலும் நான் இயக்குநரிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: தொடக்கத்தில் ஒன்றிரண்டு நாள் அறைக்கு வாருங்கள், கடைசியில் ஒரு நாள் வாருங்கள், நடுவில் இருப்பதையெல்லாம் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

காரணம், ஆவணப்படத்தில் அந்த இடத்தில் நின்றவர் நீங்கள். நான் அங்கே போனதில்லை. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மழைக்குப் பிறகு எவ்வளவு கருப்பாகும், அந்தத் தறிக்கூடத்தில் மதியம் எவ்வளவு வெளிச்சம் விழும், அவர் கட்டியிருந்த சேலை ஊதாவா நீலமா, இதெல்லாம் உங்கள் கண்ணுக்குத்தான் தெரியும். ஒரே மானிட்டரைப் பார்த்தபடி நீங்கள் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்" என்று சொல்லும்போது உங்கள் நினைவில் உள்ள நிறம் எது என்று எனக்குப் பிடிபடுகிறது. அப்படிச் சில காட்சிகளைச் சேர்ந்து முடித்துவிட்டால், பிறகு நீங்கள் வேறு ஊரிலிருந்து "கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கு" என்று ஒரு வரி எழுதினாலே எவ்வளவு என்று புரிந்துவிடும்.

ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்றால் தொடக்கத்தில் வாருங்கள்.

கலரிஸ்ட்டை எப்போது அழைப்பது? எடிட் முடிந்த பிறகு போதுமா?

படப்பிடிப்புக்கு முன்பே ஒரு ஃபோன் பேச்சு போதும், பின்னால் எவ்வளவோ மிச்சமாகும். எந்த கேமரா, எந்த புரொஃபைல், 24 ஃப்ரேமா 25 ஃப்ரேமா என்று பேசிவிடலாம். முடிந்தால் ஒரு சோதனை ஷாட் எடுத்து அனுப்புங்கள். குறைந்த வெளிச்சத்தில் 8-பிட்டில் (10-பிட்டைவிடக் குறைந்த நிறப்படிகளில்) எஸ்-லாக்3 எடுத்தால் நிழல் பகுதி இழுக்க இழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சலாகும், வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். உங்கள் கேமராவில் 10-பிட் இல்லையென்றால் லாக்கைத் தொடாமல் சாதாரண புரொஃபைலிலேயே சரியான எக்ஸ்போஷரில் எடுப்பது மேல். இதை டி.ஐ. அறையில் வந்து கேட்டால் பயனில்லை.

எடிட் முடிந்ததும் என்னென்ன அனுப்ப வேண்டும்?

எடிட் முடிந்தது என்றால் உண்மையிலேயே முடிந்திருக்க வேண்டும். கிரேடிங் பாதியில் இருக்கும்போது வருகிற "ஒரு சின்ன மாற்றம்" சென்னையில் ஒருமுறை, உங்கள் எடிட்டரிடம் ஒருமுறை, சவுண்டில் ஒருமுறை என்று மூன்று இடத்தில் வேலை வைக்கும்.

டைம்லைனின் எக்ஸ்.எம்.எல். ஃபைல் (எந்த ஷாட் எங்கே வருகிறது என்ற பட்டியல்), டைம்கோட் (மணி, நிமிடம், நொடி, ஃப்ரேம் எண்) படத்தின்மேலேயே பதிந்த ரெஃபரன்ஸ் வீடியோ, ஒரிஜினல் கேமரா ஃபைல்கள், இவை மூன்றும் அடிப்படை. டைட்டில், சப்டைட்டில், கிராஃபிக்ஸ் எல்லாம் தனி டிராக்கில் இருக்கட்டும், படத்தின்மேல் பதிக்கக் கூடாது. எடிட்டர் போட்டிருந்த கலர் எஃபெக்ட்டுகளை எடுத்துவிடுங்கள். ஆனால் எடிட்டரின் அந்தக் கலரிலேயே படத்தைப் பார்த்துப் பார்த்து உங்களுக்குப் பிடித்துப்போயிருந்தால், ரெஃபரன்ஸ் வீடியோவில் மட்டும் அதை விட்டுவையுங்கள். உங்கள் கண் எதற்குப் பழகியிருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இங்கே அதிகம் தொல்லை கொடுப்பது ஃபைல் பெயர். சோனியின் சிறிய கேமராக்கள் பலவும் ஒவ்வொரு கார்டிலும் சி0001, சி0002 என்று முதலிலிருந்தே எண் போடும்படி வைக்கப்பட்டிருக்கும். வருடக்கணக்கில் எடுத்த படத்தில் சி0001 என்ற பெயரில் எத்தனையோ ஃபைல்கள் சேர்ந்துவிடும். கன்ஃபார்ம் செய்யும்போது, அதாவது எடிட்டின்படி ஒரிஜினல் ஃபைல்களை மறுபடி பொருத்தும்போது, மென்பொருள் தவறான சி0001-ஐ எடுத்து உட்கார வைத்துவிடும். பாட்டி பேச வேண்டிய இடத்தில் பேருந்து நிலையம் வந்து நிற்கும். எடிட் தொடங்கும் முன், முதல் நாளே, தேதியும் கேமராவும் சேர்த்துப் பெயரை மாற்றிவிடுங்கள். எடிட் தொடங்கிய பிறகு எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள்.

இவ்வளவு ஃபுட்டேஜையும் இணையத்தில் அனுப்ப முடியுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 100 மெகாபிட்டில் பதிவு செய்யும் கேமரா மணிக்கு 45 ஜி.பி. எடுக்கும். 60 மணி நேர ஃபுட்டேஜ் என்றால் 2.7 டெராபைட். வீட்டு இணைப்பில் அப்லோட் வேகம் 100 மெகாபிட் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு நொடி தடங்காமல் ஓடினால் இரண்டரை நாள். நம் ஊரில் அப்படி ஓடாது.

ஆகவே முதல் தவணை எப்போதும் ஹார்டு டிஸ்க்தான். ஒன்றை கூரியரில் அனுப்புங்கள், அதன் நகல் உங்களிடம் இருக்கட்டும். படத்தில் பயன்பட்ட பகுதிகளை மட்டும், முன்னும் பின்னும் ஒரு நொடி கூடுதலாக வைத்து, வெட்டி எடுத்து அனுப்பவும் மென்பொருளில் வழி உண்டு. அப்படிச் செய்தால் அளவு பல மடங்கு குறையும், இணையத்திலேயே அனுப்பிவிடலாம். ஆனால் சில கேமரா ஃபைல் வகைகளை மறுபடி என்கோட் செய்யாமல் வெட்ட முடியாது. எனவே முதலில் ஐந்து ஷாட்டை வைத்துச் சோதித்துவிட்டு மீதியைச் செய்யுங்கள்.

ஸூம் காலில் ஸ்கிரீன் ஷேர் செய்தால் போதாதா?

பேசுவதற்குப் போதும். நிறத்தைத் தீர்மானிக்கப் போதாது. வீடியோ கால் மென்பொருள் இணைய வேகத்துக்கு ஏற்பப் படத்தின் தரத்தை நொடிக்கு நொடி மாற்றும். நிற விவரத்தைக் கால் பங்காகக் குறைக்கும். இருட்டுக் காட்சியில் நிழலெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். "நிழலில் ஒன்றுமே தெரியவில்லை" என்று நீங்கள் சொல்வீர்கள், நான் தூக்கிவிடுவேன், பிறகு தியேட்டரில் அது வெளிறிப்போய் நிற்கும்.

நிறத்துக்கென்றே செய்த ஸ்ட்ரீமிங் வழிகள் இருக்கின்றன. டாவின்சி ரிசால்வ் என்ற கிரேடிங் மென்பொருளின் கட்டணப் பதிப்பான ஸ்டுடியோவில் ரிமோட் மானிட்டரிங் உண்டு. என் அறையில் ஓடும் படம் உங்கள் ஐபேடுக்கு 10-பிட்டில் வந்து சேரும். பெரிய நிறுவனங்கள் ஸ்ட்ரீம்பாக்ஸ், சோஹோநெட்டின் கிளியர்வியூ போன்றவற்றைப் பயன்படுத்துகின்றன. அவை விலை கூடியவை, பெரும்பாலான ஆவணப்படங்களுக்குத் தேவைப்படாது. எதுவானாலும் இரு பக்கமும் நிலையான இணைப்பு வேண்டும். 20 மெகாபிட் தடங்காமல் வந்தால் எனக்குப் போதும். வைஃபையை விட்டுவிட்டுக் கேபிளில் இணையுங்கள். ஐபேடுக்கும் அதற்கான அடாப்டர் கிடைக்கிறது. பேச்சுக்குத் தனியாக ஒரு ஃபோன் காலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் ரெஃபரன்ஸ் மானிட்டர் (நிறத்தைச் சரியாகக் காட்டும் திரை) இல்லை. எதில் பார்ப்பது?

இரண்டு பேரும் ஒரே படத்தைப் பார்த்தால்தான் பேச்சுக்கு அர்த்தம் இருக்கும். தூர வேலையில் மற்ற எல்லாமும் இதற்குப் பிறகுதான். உங்கள் திரை நீலம் ஏறியிருந்தால் "சூடு ஏற்றுங்கள்" என்பீர்கள். நான் ஏற்றுவேன். படம் கெட்டுவிடும், தவறு இரண்டு பேர் மேலும் இருக்காது.

ரெஃபரன்ஸ் மானிட்டர் வாங்கச் சொல்ல மாட்டேன். எம்1 சிப் காலத்திலிருந்து வந்த 12.9 அங்குல ஐபேட் ப்ரோவில், ஐபேட்ஓஎஸ் 16 முதல் ரெஃபரன்ஸ் மோட் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் சாதாரண வீடியோ 100 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவில், நிலையான வெள்ளையில் நிற்கும். நண்பர் யாரிடமாவது இருந்தால் அந்த வாரத்துக்குக் கடன் வாங்குங்கள். அது இல்லாத ஐபேட் என்றால் ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட், ஆட்டோ பிரைட்னஸ் மூன்றையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். டிவியில் பார்ப்பதானால் ஃபிலிம்மேக்கர் மோட் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் சினிமா மோட். விவிட், டைனமிக் என்ற பெயரில் இருப்பவற்றைத் தொடவே வேண்டாம்.

அறையும் முக்கியம். ஜன்னலை மூடுங்கள், மஞ்சள் பல்பை அணையுங்கள். டி.ஐ. அறையில் மானிட்டருக்குப் பின்னால் மங்கலான நடுநிலை வெள்ளை விளக்கு ஒன்று இருக்கும், சுவர் சாம்பல் நிறம். உங்கள் வீட்டில் அந்த அளவுக்கு வேண்டாம். எப்போதும் ஒரே அறை, ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டாலே பெரிய உதவி.

நான் இன்னொன்றும் செய்வேன். நேரில் சேர்ந்து முடிவு செய்த முகம் ஒன்றை, பக்கத்தில் ஒரு சாம்பல் பட்டையோடு, ஒவ்வொரு தூர அமர்வின் தொடக்கத்திலும் திரையில் நிறுத்துவேன். "அறையில் பார்த்தது மாதிரி இருக்கிறதா?" என்று கேட்பேன். இல்லையென்றால் முதலில் திரையைச் சரிசெய்வோம், பிறகுதான் படம்.

நீங்கள் அனுப்பிய ஃபைல் என் மேக்கில் வெளிறித் தெரிகிறதே?

இதைக் கேட்காத இயக்குநர் அபூர்வம். டி.ஐ. அறையின் மானிட்டர் காமா (கருப்பிலிருந்து வெள்ளைவரை வெளிச்சம் ஏறும் விதம்) 2.4-இல் இருக்கும். மேக்கின் குவிக்டைம், சாதாரண ரெக்.709 (எச்.டி. டிவியின் நிறத் தரம்) குறியிட்ட ஃபைலை அதைவிடத் தாழ்ந்த காமாவில் காட்டும். நிழல்கள் மேலெழும்பி, படம் பாலூற்றினாற்போலத் தெரியும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. பார்வைக்காக அனுப்பும் நகலில் மட்டும் மேக்குக்கேற்ற குறியை வைத்து அனுப்பலாம், ரிசால்வில் அதற்கு ரெக்.709-ஏ என்று ஒரு தேர்வு இருக்கிறது. மாஸ்டர் ஃபைலில் அதைச் செய்யக் கூடாது. எதில் பார்க்கிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், அவ்வளவுதான்.

நேரில் உட்காரும் நாட்களில் என்ன செய்வோம்?

முதல் காட்சியிலிருந்து வரிசையாகத் தொடங்க மாட்டேன். முதலில் படத்தை ஒருமுறை முழுதாக, நிறுத்தாமல், நீங்கள் பக்கத்தில் இருக்கப் பார்ப்போம். எங்கே உங்கள் உடம்பு அசைகிறது, எங்கே மூச்சை இழுத்துப் பிடிக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தகவல்தான். அப்புறம் படத்தின் முக்கியமான மனிதர்களையும் இடங்களையும் தேர்ந்தெடுப்போம். ஒவ்வொருவருக்கும் பகலில் ஒரு ஷாட், வீட்டுக்குள் ஒன்று, இரவில் ஒன்று. இவற்றைத்தான் அன்று கிரேடு செய்வோம். இவற்றை ஸ்டில்லாகச் சேமித்துவிட்டால் படம் முழுவதற்கும் அதுவே அளவுகோல். நீங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு மீதி நூற்றுக்கணக்கான ஷாட்டுகளை இவற்றோடு பக்கத்தில் வைத்துப் பொருத்துவது என் வேலை. அதை நீங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை, பார்த்தால் அலுத்துப்போவீர்கள்.

மணிக்கு ஒருமுறை எழுந்து வெளியே போவோம். கண் எந்த நிறத்துக்கும் சில நிமிடங்களில் பழகிவிடும். பச்சையேறிய முகத்தைத் தொடர்ந்து பார்த்தால் அது சரியான முகமாகவே தோன்றத் தொடங்கும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் உடனே தெரியும். மாலை ஆறு மணிக்கு மேல் எந்த முகத்தையும் முடிவு செய்ய மாட்டேன்.

ஒளிப்பதிவாளர் வர முடிந்தால் கட்டாயம் வரட்டும். அந்த வெளிச்சத்தை அவர் ஏன் அப்படி விட்டார் என்று தெரிந்துகொண்டால் பாதி ஷாட்டுகளைத் தொடவே வேண்டியிருக்காது.

கருத்த முகங்களை எப்படிக் கையாள்வீர்கள்?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும்.

ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் வெள்ளைத் தோல் கொண்ட பெண் ஒருவரின் படம் இருந்தது. ஷர்லி கார்டு என்று அதற்குப் பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று உலகம் முழுக்கப் பல ஆண்டுகள் வேலை நடந்தது. கருத்த தோலின் விவரங்கள் நிழலில் கரைந்துபோனதை யாரும் பிழையாக எண்ணவில்லை. நம் ஊரில் அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. முகத்தை வெளுப்பாக்கினால்தான் அழகு என்ற பழக்கம். கல்யாண வீடியோ தொடங்கி விளம்பரம் வரை அது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆவணப்படத்தில் அதற்கு இடமே கொடுக்கக் கூடாது. தன் வாழ்க்கையை நம்மிடம் திறந்து சொன்னவரின் தோலை மாற்றுவதற்கு நமக்கு உரிமை கிடையாது.

வேலையாக இதை எப்படிச் செய்வது? தூத்துக்குடி உப்பளத்தில் உச்சி வெயிலில் எடுத்த ஷாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் கண் கூசும் வெள்ளை உப்பு, நடுவே வெயிலில் கருத்த முகம். ஆட்டோ எக்ஸ்போஷர் உப்பைப் பார்த்துப் படத்தை இறக்கியிருக்கும், முகம் நிழலுருவமாகியிருக்கும். மொத்தப் படத்தையும் தூக்கினால் உப்பு வெடித்துவிடும். முகத்தில் மட்டும் விண்டோ போட்டு, அதாவது அந்தப் பகுதியை மட்டும் வட்டமிட்டுத் தூக்கினால் முகம் சாம்பலாகி, ஒட்டவைத்தது போலத் தெரியும். நான் முதலில் உப்பின் உச்சிப் பகுதியை மெல்ல இறக்கி அதில் பரல் தெரிய வைப்பேன். பிறகு முகத்தின் நடுத்தர வெளிச்சப் பகுதியைக் கொஞ்சம் மட்டும் திறப்பேன். கருத்த தோலுக்கு உருவம் கொடுப்பது அதன்மேல் விழும் மினுக்கம். நெற்றியிலும் கன்னத்து மேட்டிலும் வியர்வையில் படும் ஒளி. அதைக் காப்பாற்றினால் முகம் கருப்பாகவே இருந்து முழுதாகத் தெரியும். பரப்பை வெளுக்க வேண்டிய தேவையே வராது.

நிறத்தை அளந்து வட்டத்தில் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் தோலுக்கென்று ஒரு கோடு உண்டு. எந்த நாட்டு மனிதரானாலும் தோலின் நிறச்சாயல் அந்தக் கோட்டையொட்டித்தான் விழும், மாறுவது வெளிச்சமும் அடர்த்தியும். கோடு எனக்கு உதவுகிறது. ஆனால் பச்சைச் சுவரருகே உட்கார்ந்தவரின் கன்னத்தில் பச்சை அடித்தால் அதைக் கொஞ்சம் இருக்கவிடுவேன். அவர் அந்த வீட்டில்தான் இருக்கிறார்.

முகங்களைப் பற்றிய முடிவுகளை நேரில் எடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். வானம், வயல், தெரு இவற்றையெல்லாம் ஐபேடில் பார்த்து ஒப்புக்கொள்ளலாம்.

தூரத்திலிருந்து குறிப்புகளை எப்படி எழுதுவது?

டைம்கோட் போட்டு, உங்களை என்ன உறுத்துகிறது என்று எழுதுங்கள். தீர்வை எழுத வேண்டாம். "00:41:12, காண்ட்ராஸ்டைக் கூட்டவும்" என்பதைவிட "00:41:12, விடியற்காலை ஐந்து மணி இது, எட்டு மணி மாதிரி இருக்கிறது" என்பது எனக்கு நூறு மடங்கு உதவும். ஃப்ரேம்.ஐஓ போன்ற தளங்களில் படத்தின்மேலேயே குறிப்பிடலாம். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பினால் கண்டிப்பாக ஒன்றிரண்டு தவறிப்போகும். திரையை ஃபோனில் படமெடுத்து அனுப்புவதை அறவே தவிருங்கள், ஃபோன் தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றிவிடும்.

குறிப்பு எழுதும் முன் படத்தை ஒருமுறை நிறுத்தாமல் பார்த்துவிடுங்கள். தனி ஷாட்டாக நிறுத்திப் பார்த்தால் எல்லாமே பிழையாகத்தான் தெரியும். தயாரிப்பாளர், எடிட்டர், நிதி கொடுத்தவர் எல்லோரும் கருத்துச் சொல்லலாம், ஆனால் என்னிடம் ஒருவர் வழியாகத்தான் வர வேண்டும்.

இரண்டு ஊரில் இரண்டு பேர் ஒரே ப்ராஜெக்டில் வேலை செய்ய முடியுமா?

முடியும். 2022-இல் வந்த ரிசால்வ் 18 முதல் ப்ராஜெக்டை பிளாக்மேஜிக் கிளவுடில் வைத்து, எடிட்டர் ஒரு ஊரிலும் கலரிஸ்ட் ஒரு ஊரிலும் திறக்கலாம். இரு இடத்திலும் அதே ஃபுட்டேஜ் ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் போதும், இணையத்தில் போவது கிரேடு விவரம் மட்டும்தான். அதனால்தான் முன்பே நகல் எடுத்து வையுங்கள் என்றேன். கிராமத்து இணைப்பிலும் இது ஓடும்.

பழைய ஆவணக் காட்சிகளை என்ன செய்வது?

முதலில் அவை எந்த வடிவில் வந்திருக்கின்றன என்று பாருங்கள். இந்தியத் தொலைக்காட்சிக் காட்சிகள் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில், 720-க்கு 576 அளவில், ஒரு நொடிக்கு 50 பாதிப்படங்களாகப் பின்னப்பட்டிருக்கும். யாரோ யூடியூபிலிருந்து இறக்கிக் கொடுத்தது என்றால் அந்தப் பின்னல் ஏற்கெனவே தவறாகப் பிரிக்கப்பட்டு, கையசைத்தால் சீப்புப் பல் மாதிரி கோடு விழும். மூல டேப்போ அதன் நேரடி நகலோ கிடைக்குமா என்று கடைசிவரை முயலுங்கள். மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் 1948 முதல் எடுத்த செய்திப்படங்கள் இப்போது என்.எஃப்.டி.சி.யின் (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) கீழ் இருக்கின்றன. உரிமம் வாங்கும்போதே எந்தத் தரத்தில் தருவார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

கிரேடிங்கில் நான் அதிகம் கை வைக்க மாட்டேன். கருப்பும் வெள்ளையும் சரியான இடத்தில் நிற்கவேண்டும், டேப்பில் ஏறிய சிவப்புக் கசிவு குறையவேண்டும், போதும். இரைச்சலை முழுக்கத் துடைத்தால் முகங்கள் மெழுகாகிவிடும். தூர்தர்ஷன் நாடளாவிய வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியது 1982-இல். அதற்கு முந்தைய கருப்பு வெள்ளைச் செய்திக்காட்சிக்கு வண்ணம் பூசித் தரச் சொல்லி இப்போது கேட்கிறார்கள். என் பதில் வேண்டாம் என்பதுதான். அந்தக் கூட்டத்தில் யார் என்ன நிறத்துத் துண்டு போட்டிருந்தார் என்பது நமக்குத் தெரியாது, கட்சி நிறம் உயிராக இருக்கும் ஊரில் அதை மென்பொருள் ஊகித்து நிரப்பக் கூடாது.

ஃபோன், டிரோன், பெரிய கேமரா எல்லாம் கலந்திருக்கிறது. ஒன்றாகுமா?

ஓரளவுக்கு ஆகும். ஐஃபோனின் வீடியோ அமைப்பில் எச்.டி.ஆர். (கூடுதல் வெளிச்ச வீச்சில் பதிவு செய்யும் முறை) போட்டிருந்தால் வானம் வெடித்த மாதிரி டைம்லைனில் வந்து விழும். அதைக் கலர் மேனேஜ்மென்டில் முறையாக மாற்றினால் சரியாகும், கையால் இழுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். எல்லாவற்றையும் முழுக்க ஒன்றாக்கவும் வேண்டாம். போராட்டக் களத்தில் ஒருவர் தன் ஃபோனில் எடுத்த காட்சி, ஃபோனில் எடுத்த மாதிரியே இருப்பது நல்லது.

டியூப்லைட் காட்சிகளில் படம் துடிக்கிறது. டி.ஐ.யில் போகுமா?

சிறிய துடிப்பு போகும், பெரியது போகாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் பிரச்சினையே வராது. பழைய டியூப்லைட்டின் பச்சை தனி விஷயம், அது எளிதாகப் போய்விடும்.

முகம் மறைக்க வேண்டியவர்கள் படத்தில் இருக்கிறார்கள். தூர வேலையில் என்ன கவனிக்க வேண்டும்?

இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த ஷாட்டுகள் உள்ள ஹார்டு டிஸ்க்கைப் பாஸ்வேர்டு போட்டு என்கிரிப்ட் செய்து அனுப்புங்கள், பாஸ்வேர்டை வேறு வழியில் சொல்லுங்கள். பார்வைக்கு அனுப்பும் முதல் நகலிலேயே மறைப்பு இருக்க வேண்டும், "ஃபைனலில் போட்டுக்கொள்ளலாம்" என்பது ஆபத்து. ஒரு லிங்க் எத்தனை கைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. லேசான மங்கலும் சின்னக் கட்டங்களும் போதாது, முகத்தின் வடிவமே தெரியாத அளவுக்கு வேண்டும். முகத்தை மறைத்துவிட்டுப் பின்னால் கடைப் பெயர்ப் பலகையையும் வண்டி எண்ணையும் விட்டுவிடுகிறார்கள். மச்சம், பச்சை குத்தியது, வீட்டு வாசல் எல்லாவற்றையும் ஃப்ரேம் ஃப்ரேமாகச் சேர்ந்து பார்க்க வேண்டும். இந்த வேலைக்கு மட்டும் ஸ்ட்ரீமிங் வேண்டாம், ஒரே அறையில் உட்கார்ந்து செய்வோம்.

தியேட்டர், டிவி, ஆன்லைன் மூன்றுக்கும் தனித்தனியாக கிரேடு செய்ய வேண்டுமா?

ஒன்றைச் சரியாகச் செய்து மற்றவற்றை அதிலிருந்து எடுக்கலாம். பெரும்பாலான ஆவணப்படங்களுக்கு ரெக்.709, 100 நிட் மாஸ்டர்தான் அடிப்படை. திரைப்பட விழாவுக்கு டி.சி.பி. (தியேட்டர் புரொஜெக்டருக்கான ஃபைல் தொகுப்பு) கேட்பார்கள். தியேட்டர் திரையின் வெள்ளை 48 நிட்தான், இருட்டு அறை, காமா 2.6, ரெக்.709-ஐவிட விரிந்த பி3 நிறப்பரப்பு. கணக்குப்படி மாற்றினாலே பெரும்பாலும் சரியாக வரும், இரவுக் காட்சிகளை மட்டும் கண்ணால் பார்த்துக் கொஞ்சம் திறக்க வேண்டியிருக்கும். ஓ.டி.டி. நிறுவனம் எச்.டி.ஆர். கேட்டால் அது தனி வேலை, தனி நாட்கள், தனி மானிட்டர். ஒப்பந்தம் போடும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எழுத்தில்லாத பிரதி ஒன்றையும் எப்போதும் எடுத்து வையுங்கள். பிரெஞ்சிலோ சிங்களத்திலோ சப்டைட்டில் கேட்டு யாராவது வரும்போது தேவைப்படும்.

கடைசி நாள் நேரில் வந்து எதைப் பார்ப்பது?

முடிந்தால் ஒரு தியேட்டரை இரண்டு மணி நேரம் எடுத்து டி.சி.பி.யைப் போட்டுப் பாருங்கள். மானிட்டரில் தெரியாத ஒன்று பெரிய திரையில் தெரியும்: விண்டோவின் ஓரம் முகத்தைவிட்டு நழுவுவது, இரைச்சலைத் துடைக்கும் நாய்ஸ் ரிடக்ஷன் தலைமுடியைத் தின்றிருப்பது, சப்டைட்டிலின் வெள்ளை இருட்டுக் காட்சியில் கண்ணைக் குத்துவது. டைம்கோட் தெரியாது என்பதால் வசனத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று நிற ரசனை பற்றிய புதிய விவாதம் வேண்டாம், பிழைகளை மட்டும் பிடிப்போம்.

எத்தனை நாள் ஆகும்?

90 நிமிடப் படத்துக்கு, கன்ஃபார்ம் சுத்தமாக இருந்தால், ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஒதுக்குங்கள். பழைய காட்சிகளும் பல கேமராக்களும் கலந்திருந்தால் இரண்டு வாரம். விழாவின் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, டி.சி.பி. சோதனைக்கும் மறுபடி ஒருமுறை ஃபைல் எடுப்பதற்கும் மூன்று நாள் விட்டுவையுங்கள்.

பணம் இல்லை. இலவச மென்பொருளில் நானே செய்யலாமா?

செய்யலாம். ரிசால்வின் இலவசப் பதிப்பில் கிரேடிங் கருவிகள் பெரும்பாலும் முழுதாகவே இருக்கின்றன, 4கே அல்ட்ரா எச்.டி. வரை ஃபைல் எடுக்கலாம். நாய்ஸ் ரிடக்ஷனும் ரிமோட் மானிட்டரிங்கும் ஸ்டுடியோ பதிப்பில்தான். ஷாட்டுகளைச் சமன்செய்யும் வேலையை நீங்களே முடித்துவிட்டு, ஒரு கலரிஸ்ட்டிடம் ஒரு நாள் மட்டும் கேளுங்கள். அந்த ஒரு நாளை முழுக்க முகங்களுக்குக் கொடுங்கள். உங்கள் ப்ராஜெக்ட் ஃபைலையும் ஃபுட்டேஜையும் டிஸ்க்கில் கொண்டுவந்தால் அவர் அதிலேயே உட்கார்ந்து வேலை செய்வார். ரிசால்வின் வெர்ஷன் எண்ணை மட்டும் முந்தின நாளே அவரிடம் கேட்டுவிடுங்கள். புதிய வெர்ஷனில் சேமித்த ப்ராஜெக்ட் பழையதில் திறக்காது.